உறங்கத் தெரிந்த செடிகள்

வாழை, கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை, மஞ்சள் ஆகிய எல்லாமே வெப்பமான நிலங்களில் பிறந்தவை. உலகின் தட்பவெப்பத்தை வகைப்படுத்திய விளாதிமிர் கோப்பனின் கணக்குப்படி, ஆண்டின் மிகக் குளிர்ந்த மாதத்திலும் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத இடமே வெப்பமண்டலம். ஆனால் இந்தச் செடிகள் அந்த எல்லைக்குள் அடங்கி இருக்கவில்லை. டொராண்டோவின் அடுக்குமாடி வீடுகளிலும், லண்டனின் பின்கட்டுத் தோட்டங்களிலும், துபாயின் மொட்டை மாடிகளிலும் இன்று அவை வளர்கின்றன. சில வீடுகளில் பல ஆண்டுகள் தழைத்து நிற்கின்றன. சில வீடுகளில் முதல் குளிர்காலத்தையே தாண்டுவதில்லை. வளர்ப்பவரின் கைராசி என்று இதைச் சொல்லிவிடுவது வழக்கம். உண்மையில் இதில் பெரும்பகுதியை, எந்தச் செடியைத் தேர்ந்தெடுத்தோம் என்பது முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது.

வெப்பமண்டலச் செடிகளை ஒரே இனமாக எண்ணுவதுதான் முதல் தவறு. அவற்றில் இரண்டு பெரும் கூட்டங்கள் உண்டு. ஒன்று, ஆண்டு முழுவதும் மழையும் வெக்கையும் மாறாத மழைக்காட்டுச் செடிகள்: கோகோ, ஜாதிக்காய், மங்குஸ்தான் போன்றவை. இவற்றுக்கு ஓய்வு என்பதே பழக்கமில்லை. மற்றொன்று, மழைக்காலமும் வறண்ட காலமும் மாறி மாறி வரும் பருவமழை நாட்டுச் செடிகள். வறட்சி வந்தால் இலையை உதிர்த்துவிட்டு நிற்பதும், மண்ணுக்கு மேல் காய்ந்துவிட்டுக் கிழங்காகப் பதுங்குவதும் இவற்றுக்குக் கைவந்த கலை. மஞ்சள், இஞ்சி, முருங்கை, கறிவேப்பிலை எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. வறட்சிக்காகக் கற்ற உறக்கத்தைக் குளிருக்கும் இவை பயன்படுத்திக்கொள்கின்றன. ஆகவே அயல் தட்பவெப்பத்தில் ஒரு செடியை வைக்குமுன், அது எத்தனை டிகிரி குளிர் தாங்கும் என்பதோடு, அதற்கு உறங்கத் தெரியுமா என்பதையும் கேட்க வேண்டும்.

குளிர் செடியைக் கொல்வது இரண்டு விதமாக. நீர் உறையும் சுழியம் டிகிரிக்குக் கீழே போனால், திசுவறைகளுக்கு இடையே உள்ள நீர் முதலில் பனிக்கட்டியாகிறது. அந்தப் பனிக்கட்டி அறைகளுக்குள்ளிருக்கும் நீரையும் வெளியே இழுத்துக்கொள்ள, அறைகள் வற்றிச் சுருங்கிச் சாகின்றன. மறுநாள் வெயிலில் இலைகள் வேகவைத்தது போலக் கருத்துத் தொங்கும். இது எல்லோரும் அறிந்த உறைபனிச் சேதம். பலரும் அறியாதது இன்னொன்று. வெப்பமண்டலச் செடிகளுக்கு உறைநிலைக்கு வெகு மேலே, 10 முதல் 13 டிகிரியிலேயே துன்பம் தொடங்கிவிடுகிறது. திசுவறையைச் சூழ்ந்த மெல்லிய சவ்வு கொழுப்பால் ஆனது. வெப்பநாட்டுச் செடிகளில் இந்தக் கொழுப்பு, குளிர்ந்தவுடன் இளக்கம் இழந்து இறுகிவிடுகிறது. சவ்வு கசியத் தொடங்கி, அறையின் வேலைகள் ஒவ்வொன்றாகத் தடைப்படுகின்றன. குளிர்பதனப் பெட்டியில் வைத்த வாழைப்பழத்தின் தோல் கறுத்துப்போவது இதனால்தான். அங்கே எதுவும் உறையவில்லை. குளிர்ச்சி மட்டுமே அந்த வேலையைச் செய்துவிட்டது. வாழை மரமும் வெப்பநிலை ஏறத்தாழ 14 டிகிரிக்கு இறங்கினால் புது இலை விடுவதை நிறுத்திக்கொள்ளும்.

இதனால் ஓர் ஊரின் சராசரி வெப்பநிலையை விட, அங்கு ஆண்டிலேயே மிகக் குளிர்ந்த இரவு எவ்வளவு குளிரும் என்பதே தோட்டக்காரருக்கு முக்கியம். இந்த எண்ணத்தில்தான் அமெரிக்க வேளாண் துறை 1960ஆம் ஆண்டு நாட்டையே குளிர்தாங்கு மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் வெளியிட்டது. இப்போது அதில் 13 மண்டலங்கள் உள்ளன. ஒரு மண்டலத்துக்கும் அடுத்ததற்கும் 5.6 டிகிரி செல்சியஸ் வேறுபாடு. 1991 முதல் 2020 வரையிலான பதிவுகளைக் கொண்டு 2023இல் திருத்தப்பட்டபோது, நாட்டின் ஏறத்தாழ பாதிப் பரப்பு அரை மண்டலம் வெப்பமான பக்கம் நகர்ந்திருந்தது. செடி விற்கும் இடங்களில் உறைமேல் அச்சடித்திருக்கும் மண்டல எண் இந்த வரைபடத்திலிருந்து வந்தது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்குவது ஆபத்து. லண்டனும் ஃபுளோரிடாவின் வடபகுதியும் ஏறத்தாழ ஒரே மண்டலத்தில்தான் வரும். ஃபுளோரிடாவில் நீண்ட, புழுக்கமான கோடை. லண்டனில் மிதமான குறுகிய கோடை. ஒரே அளவு குளிரைத் தாங்கினாலும், ஒரு செடி முன்னதில் காய்த்துக் குலுங்கும், பின்னதில் உயிரோடு மட்டும் இருக்கும்.

ஊருக்கு ஒரு தட்பவெப்பம் என்றால், ஊருக்குள் ஒவ்வொரு மூலைக்கும் ஒன்று உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 மீட்டர் ஏறும்போதும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி குறையும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டி, சமவெளியை விடப் பதினான்கு டிகிரி அளவுக்குக் குளிர்ந்திருப்பது இதனால். அந்த ஊட்டியிலும் மார்கழி, தை மாதங்களில் உறைபனி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. தலைக்குந்தா போன்ற பள்ளமான பகுதிகளில் புல்வெளி வெளுத்துக் கிடக்கும்போது, மேட்டுச் சரிவில் உள்ள தோட்டங்கள் தப்பிவிடுகின்றன. குளிர்ந்த காற்று கனமானது. இரவில் அது சரிவில் வழிந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வீட்டுத் தோட்டத்திலும் இதே கதைதான். தாழ்வான மூலையில் வைத்த வாழை கருகும், சுவரோரம் மேட்டில் வைத்தது பிழைக்கும். பூமியின் வடபாதியில் தெற்கு பார்த்த செங்கல் சுவர் பகலெல்லாம் வெயிலை வாங்கிச் சேமித்து, இரவில் மெல்ல விடுகிறது. ஆஸ்திரேலியா போன்ற தென்பாதி நாடுகளில் வடக்கு பார்த்த சுவருக்கு அந்தப் பெருமை.

மேகமில்லாத, காற்றசையாத இரவில்தான் உறைபனி கடுமையாக விழும். அப்போது மண்ணின் சூடு தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் மலர்ச்செடிகளை மிலாறுகளாலும் விரிப்புகளாலும் மூடிவைப்பதும், விடியலில் புல்வெளிக்குத் தண்ணீர் தெளிப்பதும் ஆண்டுதோறும் நடப்பவை. மூடுதுணி செடியைச் சூடாக்குவதில்லை. மண்ணிலிருந்து எழும் சூட்டைப் பிடித்துவைக்கிறது. எனவே துணியின் ஓரம் தரையைத் தொட வேண்டும். செடியின் தலையில் மட்டும் சுற்றிக் கழுத்தில் கட்டினால் பயனில்லை. வெயில் ஏறியதும் துணியை எடுத்துவிடவும் வேண்டும்.

குளிரைப் பற்றிக் கவலைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மறந்துவிடுவது வெளிச்சம். சென்னையில் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். மிக நீண்ட பகல் 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டு முழுவதிலும் ஒன்றரை மணி நேர வேறுபாடுதான். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜூன் பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல். இந்த ஊசலாட்டத்தைப் பல வெப்பமண்டலச் செடிகள் தவறாகப் படித்துக்கொள்கின்றன. ஆடிப்பட்டத்தில் ஊன்றும் நாட்டு அவரை, பகல் சுருங்கிய பிறகுதான் பூவெடுக்கும். தமிழ்நாட்டில் அது மார்கழியிலும் தையிலும் பந்தல் நிறையக் காய்க்கும். அதே விதையைக் கனடாவில் மே மாத இறுதியில் நட்டால், கோடை முழுதும் கொடியும் இலையுமாகப் படர்ந்து, பகல் 12 மணி நேரத்துக்குக் குறையும் செப்டம்பர் கடைசி வரை காத்திருக்கும். பூவெடுத்துப் பிஞ்சு விடும் நேரத்தில் அக்டோபர் உறைபனி வந்து அனைத்தையும் முடித்துவிடும். உரம் போதவில்லை என்று நினைத்து எருவை அள்ளிப் போட்டால் இலைதான் கூடும். சிறகவரைக்கும் இதே நோய்தான். புளிச்சக்கீரையும் இலை கொடுக்கும். பூவும் காயும் பிந்திவிடும். இதற்கு ஒரே மருந்து, பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்துச்செடி வகைகளைத் தேடி நடுவது. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட குத்தவரை வகைகள் சில அத்தகையவை. விதை வாங்கும்போது விளைச்சல் எவ்வளவு என்று கேட்பவர்கள், எந்தப் பட்டத்துக்கு உரியது என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

குளிர்நாட்டு வீடுகளில் மிக அதிகம் வளர்க்கப்படுவதும், மிக அதிகம் சாகடிக்கப்படுவதும் கறிவேப்பிலைதான். தமிழர் எங்கே குடியேறினாலும் அந்தத் தொட்டி கூடவே வந்துவிடுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைகளின் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் சிறுமரத்துக்குக் கோடையில் பெரிய தேவை எதுவும் இல்லை: முழு வெயில், நீர் தேங்காத மண்கலவை, மாதம் ஒருமுறை தழைச்சத்து, அடிக்கடி நுனி கிள்ளல். சிக்கல் இலையுதிர் காலத்தில் தொடங்குகிறது. இரவு 10 டிகிரிக்கு இறங்குமுன் தொட்டி வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். உள்ளே வந்த சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகி உதிரும். சில செடிகள் வெறும் குச்சியாகவே நின்றுவிடும். இங்கேதான் பெரும்பாலோர் பதறுகிறார்கள். வாடுகிறது என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றுகிறார்கள், உரம் வைக்கிறார்கள், பெரிய தொட்டிக்கு மாற்றுகிறார்கள். இலையில்லாத செடி நீரை இழுப்பதில்லை. குளிர்ந்த, ஈரமான மண்ணில் காற்று புகாமல் வேர் அழுகுகிறது. மார்ச்சில் துளிர்க்க வேண்டிய செடி பிப்ரவரியிலேயே இறந்திருக்கும். குளிர் கொன்ற கறிவேப்பிலையை விடத் தண்ணீர் கொன்ற கறிவேப்பிலைதான் அதிகம்.

இலையுதிர்த்த செடியை அதன் போக்கில் உறங்க விடுவதே சரியான பராமரிப்பு. மண்ணுக்குள் விரலை இரண்டு அங்குலம் நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் சிறிது நீர். உரம் அறவே வேண்டாம். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது என்று பொருள். உறக்கம் வேண்டாம், குளிர்காலத்திலும் இலை பறிக்க வேண்டும் என்றால், சூடு மட்டும் கொடுத்துப் பயனில்லை. சூடும் வெளிச்சமும் சேர்ந்தே உயர வேண்டும். வெப்பமூட்டிய அறையில், மங்கிய வெளிச்சத்தில் வைத்த செடி, வெளிறிய நீண்ட கொழுந்துகளை விட்டுத் தன் சேமிப்பைத் தீர்த்துக்கொள்ளும். ஜன்னலிலிருந்து சில அடி தள்ளி வைத்தாலே வெளிச்சம் வெகுவாகக் குறைந்துவிடும். கண்ணுக்கு அது தெரியாது, செடிக்குத் தெரியும். தெற்கு ஜன்னல் இல்லாத வீடுகளில் செடிகளுக்கான எல்இடி விளக்கை நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடுவது கைகொடுக்கும்.

வெப்பமூட்டிகள் ஓடும் வீட்டின் காற்று மிக உலர்ந்தது. சிலந்திப்பேன்களும் செதில் பூச்சிகளும் மாவுப்பூச்சிகளும் அங்கே பெருகும். வாரம் ஒருமுறை இலைகளின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவது எந்த மருந்தையும் விட நல்லது. லண்டன் போலச் சுண்ணாம்பு மிகுந்த கடினநீர் வரும் ஊர்களில், நரம்புகள் பச்சையாக இருக்க இலை மட்டும் வெளிறினால் அது இரும்புச்சத்துக் குறை. மழைநீரைப் பிடித்து ஊற்றினால் பெரும்பாலும் சரியாகும். வசந்தத்தில் தொட்டியை வெளியே எடுக்கும்போதும் அவசரம் கூடாது. அறை வெளிச்சத்துக்குப் பழகிய இலைகள் நேர்வெயிலில் ஒரே நாளில் வெந்துவிடும். முதலில் நிழலில் சில மணி நேரம், பிறகு காலை வெயில், ஏழு பத்து நாள் கழித்து முழு வெயில் என்று பழக்க வேண்டும்.

கறிவேப்பிலையை விட எளிதானவை கிழங்குச் செடிகள். அவை குளிர்நாட்டுக்காகவே படைக்கப்பட்டவையோ என்று தோன்றும் அளவுக்கு அவற்றின் ஆண்டுச் சக்கரம் பொருந்திப்போகிறது. மஞ்சளும் இஞ்சியும் எட்டு முதல் பத்து மாதத்தில் முடியும் பயிர்கள். முடிவில் மேலே இலை காய்ந்து கிழங்கு மட்டும் மிஞ்சும். பிப்ரவரியில் வீட்டுக்குள் கதகதப்பான இடத்தில் முளைக்கவைத்து, உறைபனி பயம் நீங்கியதும் வெளியே எடுத்து, அக்டோபரில் இலை பழுக்கும்போது தோண்டினால் கணக்குச் சரியாக வரும். விதைக்கிழங்கை உலர்ந்த மணலிலோ மரத்தூளிலோ போட்டு வைத்தால் அடுத்த ஆண்டுக்கும் ஆயிற்று. சேம்பும் கல்வாழையும் இவ்வாறே. முதன்முதலாக வெப்பமண்டலச் செடி வளர்க்க நினைக்கும் குளிர்நாட்டுக்காரர் மஞ்சளில் தொடங்குவதே உத்தமம்.

வாழை இவ்வளவு சாதுவானதல்ல. உண்ணும் வாழை குலை தள்ளிப் பழுக்க ஏறத்தாழ ஓராண்டு இடைவிடாத வெப்பம் வேண்டும். உறைபனியில் இலையும் தண்டும் போய்விடும். ஆனால் மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு பிழைத்திருந்தால் மீண்டும் கன்று வரும். தென் சீனாவைச் சேர்ந்த, நெடுங்காலம் ஜப்பான் வாழை என்று அழைக்கப்பட்டு வந்த மூசா பாஸ்ஜூ என்ற இனம் இதில் கெட்டிக்காரன். முதல் உறைபனிக்குப் பின் தண்டை வெட்டி, அடியில் ஓரடிக்கு மேல் வைக்கோல் மூடாக்குப் போட்டால், லண்டனிலும் கனடாவின் மிதமான பகுதிகளிலும்கூட வசந்தத்தில் எழுந்து நிற்கும். பழம் தின்ன முடியாது. இலைக்கும் அழகுக்கும் மட்டுமே. பழம் வேண்டுவோர் குட்டையான கேவண்டிஷ் வகையைப் பெரிய தொட்டியில் வைத்து, குளிர்காலத்தில் உள்ளே கொண்டுவர வேண்டும். இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கண்ணாடி வீடு இருக்கிறது. இங்கிலாந்தின் சாட்ஸ்வொர்த் மாளிகையில், டெவன்ஷயரின் ஆறாம் கோமகன் வில்லியம் கேவண்டிஷிடம் தலைமைத் தோட்டக்காரராக இருந்த ஜோசப் பாக்ஸ்டன், மொரீஷியஸிலிருந்து வந்த ஒரு வாழைக்கன்றைச் சூடேற்றிய கண்ணாடி வீட்டில் வளர்த்து 1835இல் குலை தள்ள வைத்தார். அதிலிருந்து பிரித்த கன்றுகள் கிறித்துவப் பாதிரியார் ஜான் வில்லியம்ஸ் வழியாகச் சமோவா தீவுக்குப் போயின. இன்று உலகச் சந்தைக்கு ஏற்றுமதியாகும் வாழைப்பழத்தில் பெரும்பகுதி கேவண்டிஷ் கூட்டத்தைச் சேர்ந்தது. குளிர்நாட்டுத் தோட்டக்காரர் ஒருவரின் பிடிவாதம் வெப்பநாட்டு வயல்களின் போக்கை மாற்றிய அபூர்வ நிகழ்வு இது.

முருங்கையை ஆண்டுப் பயிர் போல நடத்துவது புத்திசாலித்தனம். பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 என்ற செடிமுருங்கை, விதை ஊன்றிய ஆறு மாதத்தில் காய்க்கத் தொடங்குவது. கோடை நீளமான ஊர்களில் காயே கிடைக்கலாம். குறுகிய ஊர்களில் கீரைக்குக் குறைவிருக்காது. மல்லிகைக்குத் தொட்டி, வெயில், பூ ஓய்ந்தபின் கவாத்து ஆகிய மூன்றும் போதும். பூ புதுத் துளிரில்தான் வரும்.

பாலைவன நாடுகளில் சிக்கல் தலைகீழ். அங்கே குளிர்காலமே பயிர்க்காலம். வெண்டையும் கத்தரியும் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை நன்கு வரும். மே மாதத்துக்குப் பிறகு 45 டிகிரியைத் தொடும் வெயிலும் வறண்ட காற்றும் வாழையிலையின் ஓரங்களைப் பொசுக்கும். அதைவிடக் கொடியது உப்பு. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருக்கும் இடங்களில், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நீர் விடுவதால் நீர் ஆவியாகி, உப்பு மட்டும் மண்ணில் சேர்ந்து வெள்ளையாகப் பூத்துவிடும். அவ்வப்போது தொட்டியின் அடித்துளை வழியே வழிந்தோடும் அளவுக்கு நீர் ஊற்றிக் கழுவினால்தான் வேர் மூச்சுவிடும். பாலைவனச் சோலைகளில் வாழும் உழவர்கள் இதற்கெல்லாம் ஒரு விடை வைத்திருக்கிறார்கள்: மேலே பேரீச்சை, அதன் நிழலில் எலுமிச்சையும் வாழையும், அதற்கும் கீழே காய்கறி என்று மூன்றடுக்குத் தோட்டம். மாடித் தோட்டத்தில் பேரீச்சையின் வேலையை நிழல்வலை செய்யும். அரேபியாவிலேயே ஒரு விதிவிலக்கு, ஓமானின் சலாலா. ஜூன் முதல் செப்டம்பர் வரை பருவக்காற்று அந்தக் கடலோர மலைகளில் மோதிச் சாரலும் மூடுபனியுமாக நனைப்பதால், அங்கே தென்னந்தோப்புகளையும் வாழைத் தோட்டங்களையும் சாலையோரமே காணலாம்.

மழைக்காட்டுச் செடிகளுக்கு இந்த உத்திகள் எதுவும் போதா. கோகோவும் ஜாதிக்காயும் ஆண்டு முழுதும் சூடும் ஈரக்காற்றும் கேட்பவை. குளிர்நாட்டில் அவற்றுக்குச் சூடேற்றிய கண்ணாடி வீடுதான் வழி. லண்டனின் கியூ தோட்டத்தில் 1844 முதல் 1848 வரை கட்டப்பட்ட பனைமர இல்லம் போன்றவை அதற்காகவே எழுந்தவை. பூமிக்கடியிலிருந்து வெந்நீர் பொங்கும் ஐஸ்லாந்தில், ஹ்வெராகெர்தி என்ற ஊரின் கண்ணாடி வீடுகளில் வாழையே பழுக்கிறது. அப்படி இலவசச் சூடு இல்லாத சாதாரண வீட்டில் ஒரு கோகோச் செடிக்காகக் குளிர்காலம் முழுவதும் எரிபொருள் எரிப்பது நியாயமான செலவாகாது.

கடைசியாக ஒன்றை அழுத்திச் சொல்லியே ஆக வேண்டும். செடி எங்கிருந்து வருகிறது என்பது, அது எப்படி வளர்கிறது என்பதற்குச் சமமான கேள்வி. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைக் கொல்லும் பச்சையாக்கல் நோயைப் பரப்பும் ஆசியத் தாவரப்பேன், கறிவேப்பிலையிலும் முட்டையிட்டுப் பெருகும். இந்தப் பூச்சி ஃபுளோரிடாவில் 1998இலும், நோய் 2005இலும் கண்டறியப்பட்டன. அதன் பிறகான இருபது ஆண்டுகளில், புயல்களும் சேர்ந்துகொள்ள, அந்த மாநிலத்தின் ஆரஞ்சு விளைச்சல் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே சரிந்துவிட்டது. கலிஃபோர்னியாவில் 2012இல் இந்த நோய் முதன்முதலாகத் தென்பட்டது பண்ணையில் அல்ல. லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்து மரத்தில். கறிவேப்பிலைச் செடிகளை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கடுமையான கட்டுப்பாட்டில் வைத்திருப்பதற்கு இதுவே காரணம். ஊரிலிருந்து திரும்பும்போது பெட்டிக்குள் ஒரு கன்றையோ கொத்தையோ மறைத்து எடுத்துப்போவதை யாரும் குற்றமாக நினைப்பதில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு முட்டை போதும், பக்கத்து ஊர் உழவர்களின் தோட்டங்களை அழிக்க. குடியேறிய நாட்டிலேயே உரிமம் பெற்ற நாற்றங்காலில் கன்று வாங்குங்கள். அங்குள்ள தாவரத் தடுப்பு விதிகளைக் கேட்டறிந்து அவற்றின்படி வளர்த்து வாருங்கள்.